சாஸில் நல் போட்டால் அந்த வரி எங்கே போகிறது?

சாஸ் என்பது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பை எழுதித் தரும் மொழி; அதில் 'மதிப்பு இல்லை' என்பதற்கான சொல் நல் (null); மிக்சின் என்பது பெயர் சொல்லி அழைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வரிகளின் தொகுப்பு. எனக்கு வந்த கேள்வி சுருக்கமாக இதுதான்: "பட்டனுக்கு ஒரு மிக்சின் எழுதினேன். நிழல் வேண்டாத இடத்தில் நல் கொடுத்தால் பாக்ஸ்-ஷேடோ வரியே சிஎஸ்எஸ்ஸில் வரவில்லை, நன்றாக இருந்தது. அதே உத்தியை மார்ஜினுக்கும் போட்டேன். பக்கம் கோணிக்கொண்டது, எர்ரர் எதுவும் வரவில்லை. இன்னொரு இடத்தில் நல் அனுப்பினால் டீஃபால்ட் மதிப்பு வந்துவிடும் என்று நினைத்தேன், வரவில்லை. இந்த நல் எந்த விதிப்படி நடக்கிறது?"

விதிகள் சிலதான். ஆனால் நல் பெரும்பாலும் சத்தம் போடாமல் மறைந்துவிடும் என்பதால், எந்த விதி எப்போது வேலை செய்தது என்பது நம் கண்ணில் படுவதில்லை. அதனால் ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்கிறேன். குறியீட்டு வரிகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன்; பிராப்பர்ட்டி பெயர்களையும் நல் போன்ற மொழிச் சொற்களையும் நீங்கள் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மாறிகளின் பெயரை மட்டும் தமிழிலேயே விட்டுவிடலாம். சாஸ் அதை மறுப்பதில்லை: $நிறம், $இடைவெளி எல்லாம் அங்கே செல்லுபடியாகும் பெயர்கள்தான்.

முதலில் ஒரு பெயர்க்குழப்பம். தமிழ்க் காதுக்கு 'நல்' என்றால் நல்வரவு, 'நன்' என்றால் நன்மை. இங்கே இரண்டும் (சாஸின் null, சிஎஸ்எஸ்ஸின் none) 'இல்லை' என்பதன் இரண்டு வகைகள், அவை ஒன்றல்ல. பார்டர்: நன் என்று எழுதினால் அது சிஎஸ்எஸ் கோப்புக்குள் போகிறது. பிரவுசர் அதைப் படித்து, முன்பு வேறு விதி பார்டர் கொடுத்திருந்தாலும் எடுத்துவிடும். அது ஒரு கட்டளை. பார்டர்: நல் என்று எழுதினால் சிஎஸ்எஸ் கோப்பில் அந்த வரியே இருக்காது. பிரவுசருக்கு அப்படி ஒன்று எழுதப்பட்டதே தெரியாது, முன்பு எந்த விதி பார்டர் கொடுத்ததோ அது அப்படியே நிற்கும். நன் என்பது 'வேண்டாம்' என்று வாயைத் திறந்து சொல்வது. நல் வாயையே திறப்பதில்லை. "நல் போட்டும் பார்டர் போகவில்லையே" என்று என்னிடம் கேட்டவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் சறுக்கியிருந்தார்கள்.

சாஸ் 2006-இல் தொடங்கியபோது நல் கிடையாது. 2012-இல் வந்த 3.2 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் 'இந்த வரி வேண்டாம்' என்று சொல்ல, மிக்சினுக்கு ஃபால்ஸ் அனுப்பிவிட்டு, உள்ளே ஒவ்வொரு வரியையும் ஒரு இஃப்-க்குள் சுற்றி வைப்போம். ஆறு ஆர்க்யூமென்ட் (மிக்சினுக்கு அனுப்பும் மதிப்பு) இருந்தால் ஆறு இஃப். நல் வந்ததும் அத்தனை இஃப்-களும் போயின. வரியின் மதிப்பு நல் என்றால் சாஸ் அந்த வரியை எழுதாது. ஒரு செலக்டருக்குள் (எந்த உறுப்புக்கு என்று சொல்லும் தலைப்பு) இருக்கும் எல்லா வரிகளும் அப்படி மறைந்தால் அந்தச் செலக்டரையும் எழுதாது. உங்கள் பாக்ஸ்-ஷேடோ நன்றாக நடந்தது இந்த விதியால்தான்.

சரி, மார்ஜினுக்கு வருவோம். உங்கள் மிக்சினில் இருந்த வரி ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்:

மார்ஜின்: $மேல் $வலம் $கீழ் $இடம்;

மேலே 10 பிக்சல், கீழே 20 பிக்சல் கொடுத்துவிட்டு, வலத்தையும் இடத்தையும் தொட வேண்டாம் என்று இரண்டுக்கும் நல் வைத்திருப்பீர்கள். சாஸ் இதை நான்கு உறுப்பு கொண்ட ஒரு லிஸ்ட்டாகப் பார்க்கிறது. லிஸ்ட்டுக்குள் நல் இருந்தால் வரி முழுவதையும் விடாது; நல் இருக்கும் உறுப்புகளை மட்டும் உதிர்த்துவிட்டு மிச்சத்தை எழுதும். வெளியே வருவது:

மார்ஜின்: 10பிக்சல் 20பிக்சல்;

பிரவுசர் இதை எப்படிப் படிக்கும்? இரண்டு மதிப்பு வந்தால் முதலாவது மேலுக்கும் கீழுக்கும், இரண்டாவது இரு பக்கங்களுக்கும். நீங்கள் கீழே கேட்ட 20 பிக்சல் இடமும் வலமும் ஏறிக்கொண்டது, கீழே 10 மட்டும் கிடைத்தது. சாஸைப் பொறுத்தவரை தவறு எதுவும் இல்லை. சிஎஸ்எஸ்ஸும் இலக்கணப்படி சரியான வரி. பிறகு எர்ரர் எங்கிருந்து வரும்? நான்கு பேருக்கு எண் வரிசைப்படி போட்ட நாற்காலியில் இரண்டு பேர் வராமல் போக, மற்ற இரண்டு பேர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்ட கதைதான்.

ஆகவே, எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துப் பொருள் மாறும் சுருக்க வரிகளில் நல் வைக்காதீர்கள். மார்ஜின், பேடிங், பார்டர்-ரேடியஸ், இன்செட் எல்லாம் இந்த ரகம். அவற்றை மார்ஜின்-டாப், மார்ஜின்-ரைட், மார்ஜின்-பாட்டம், மார்ஜின்-லெஃப்ட் என்று நான்கு தனி வரிகளாக எழுதினால் நல் உள்ள வரி மட்டும் காணாமல் போகும், மற்றவை சொன்ன இடத்தில் நிற்கும். இடம் முக்கியமில்லாத லிஸ்ட்களில் அதே விதி வரப்பிரசாதம். பாக்ஸ்-ஷேடோவில் காற்புள்ளி போட்டு மூன்று நிழல்களை அடுக்கி, நடுவில் உள்ளதை ஒரு நிபந்தனையைப் பொறுத்து நல் ஆக்கினால், மிச்சம் இரண்டும் காற்புள்ளி பிசகாமல் வெளியே வரும். டிரான்சிஷன் வரிகளிலும் அப்படியே. இதை நான் தாராளமாகப் பயன்படுத்துகிறேன்.

ஒரு நுணுக்கம்: உதிர்வது எழுதும் நேரத்தில் மட்டும்தான். லிஸ்ட்டுக்குள் நல் உயிரோடுதான் இருக்கிறது. லெங்த், அதாவது உறுப்புகளின் எண்ணிக்கை, கேட்டால் நான்கு என்றே சொல்லும். அதைவிட வேடிக்கை, வெறும் நல்லின் லெங்த்தைக் கேட்டால் 1 என்று வரும். சாஸில் எந்த ஒற்றை மதிப்பும் ஓர் உறுப்பு கொண்ட லிஸ்ட்டாகவும் நடக்கும், நல்லும் அதற்கு விலக்கல்ல. அதனால் ஒரு மாறி நல்லாக இருக்கும்போது அதன் மேல் ஈச் சுற்று ஓட்டினால், சுற்று ஓடாமல் இருக்காது. நல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை ஓடும். 'ஒன்றுமில்லாத லிஸ்ட்' வேண்டுமானால் வெற்று அடைப்புக்குறிதான் வைக்க வேண்டும்.

மூன்றாவது மறைவிடம் இன்டர்பொலேஷன், அதாவது # போட்டு நெளி அடைப்புக்குள் மாறியை வைப்பது. அங்கே நல் வெற்றுச் சரமாக மாறிவிடும். வரி மறையாது, உறுப்பு உதிராது; ஒரு ஓட்டை மட்டும் விழும். இதில் நானே மாட்டியிருக்கிறேன். திரை அகலங்களை ஒரு மேப்பில் (சாவியும் அதற்கான மதிப்பும் கொண்ட பட்டியல்) வைத்திருந்தோம்: சிறிது, நடுத்தரம், பெரிது. 'நடுத்தரம்' என்பதை ஒரு கோப்பில் 'நடுதரம்' என்று ஒற்று விட்டு எழுதிவிட்டேன். மேப்பில் இல்லாத சாவியைக் கேட்டால் மேப்-கெட் எர்ரர் தராது, நல் தரும். அந்த நல் மீடியா கொரிக்குள் (திரை அளவைப் பொறுத்து விதிகளை இயக்கும் நிபந்தனை) போனதும் மின்-விட்த் என்பதற்குப் பிறகு முக்காற்புள்ளி, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லாமல் அடைப்பு மூடிக்கொண்டது. கம்பைல், அதாவது சாஸைச் சிஎஸ்எஸ்ஸாக மாற்றும் வேலை, சுத்தமாக முடிந்தது. பிரவுசர் அந்த நிபந்தனையைப் புரியாத ஒன்றாக எடுத்து, உள்ளே இருந்த அத்தனை விதிகளையும் எந்தத் திரையிலும் பொருத்தவில்லை. டேப்லெட்டில் மெனு சரியில்லை என்று புகார் வந்து, ஃபிளெக்ஸ்பாக்ஸைக் குறை சொல்லிக்கொண்டே ஒன்றரை நாளைக் கழித்தேன். காரணம் ஒரு 'த்'.

அன்றிலிருந்து மேப்-கெட்டை நேராக அழைப்பதே இல்லை. ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, முதலில் மேப்-ஹேஸ்-கீ கொண்டு சாவி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அட்-எர்ரர் மூலம் சாவியின் பெயரோடு கம்பைலை நிறுத்துவேன். 'மேப்-கெட் நல் தருகிறதா என்று பார்த்தால் போதாதா' என்று கேட்கலாம். பல நேரம் போதும். ஆனால் சாவி இருந்து, அதன் மதிப்பாகவே நல் வைத்திருந்தாலும் பதில் நல்தான். 'அப்படிச் சாவியே இல்லை', 'சாவி இருக்கிறது, வேண்டுமென்றே காலியாக விட்டேன்' என்ற இரண்டையும் பிரிக்க ஹேஸ்-கீதான் நேரான வழி.

இப்படித் தேடிக் கிடைக்காவிட்டால் நல் தரும் ஃபங்ஷன்கள் இன்னும் சில உண்டு. லிஸ்ட்டிலோ சரத்திலோ ஒன்றைத் தேடும் இன்டெக்ஸ், அது இல்லாவிட்டால் நல் தரும். இரண்டு செலக்டர்களைப் பொருத்திப் பார்க்கும் யூனிஃபை, பொருந்தாவிட்டால் நல் தரும். நீங்களே எழுதும் ஃபங்ஷன் மட்டும் அப்படி இல்லை. ரிட்டர்ன் இல்லாமல் முடிந்தால் ஜாவாஸ்கிரிப்ட் போலச் சும்மா இருக்காது, எர்ரர் கொடுத்து நின்றுவிடும். அறிவிக்காத மாறியைப் பயன்படுத்தினாலும் எர்ரர்தான். ஜாவாஸ்கிரிப்டின் 'அன்டிஃபைன்ட்' போல இரண்டாவது ஒரு இன்மை சாஸில் கிடையாது, நல்ல வேளை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, டீஃபால்ட். சாஸில் அந்தப் பெயரில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன, நல்லை இரண்டும் நேர்மாறாக நடத்துகின்றன. குழப்பம் உங்களுடையது மட்டுமல்ல.

ஒன்று, மாறிக்குப் பின்னால் ஆச்சரியக்குறியோடு போடும் டீஃபால்ட்:

$நிறம்: நீலம் !டீஃபால்ட்;

இதன் பொருள், மாறி இதுவரை அறிவிக்கப்படாவிட்டாலோ, அறிவித்தும் அதில் நல் இருந்தாலோ, இந்த மதிப்பை வை. அதாவது இங்கே நல் என்றால் 'இன்னும் நிரப்பவில்லை'. ஒரு லைப்ரரியை அட்-யூஸ் மூலம் எடுத்து, வித் போட்டு நிறத்துக்கு நல் அனுப்பினாலும் இதே கதைதான். நல்லைக் கண்டுகொள்ளாமல் லைப்ரரியின் நீலமே வரும்.

இன்னொன்று, மிக்சின் அல்லது ஃபங்ஷன் தலைப்பிலேயே ஆர்க்யூமென்ட்டுக்குக் கொடுக்கும் மதிப்பு:

@மிக்சின் பட்டன்($நிறம்: நீலம்)

இங்கே நீலம் வருவது, அழைப்பவர் அந்த ஆர்க்யூமென்ட்டை அனுப்பாமலே விட்டால் மட்டும்தான். நல் அனுப்பினால், அனுப்பியதாகவே கணக்கு. உள்ளே $நிறம் நல்லாகவே இருக்கும், நிற வரி மறைந்துவிடும். ஒரு வகையில் இது நியாயம்தான். 'டீஃபால்ட் வேண்டும்' என்பதற்கு எதுவும் அனுப்பாமல் விடலாம், 'வரியே வேண்டாம்' என்பதற்கு நல் அனுப்பலாம் என்று இரண்டு வழியும் திறந்திருக்கிறது. ஆனால் மூன்று மிக்சின்கள் ஒன்றையொன்று அழைத்து ஆர்க்யூமென்ட்டைக் கைமாற்றும்போது 'அனுப்பாமல் விடுவது' முடியாமல் போகிறது. நடுவில் இருப்பவரிடம் உள்ளது நல் மட்டும்தான், அதைத்தான் அவர் கீழே தள்ளுவார்.

அப்படியான இடத்தில் தலைப்பில் டீஃபால்ட்டை நல் என்று வைத்துவிட்டு, மிக்சினின் முதல் வரியாக அந்த ஆச்சரியக்குறி டீஃபால்ட்டையே எழுதிவிடுங்கள். உள்ளூர் மாறியிலும் அது வேலை செய்யும். அனுப்பாவிட்டாலும் நீலம், நல் வந்தாலும் நீலம். சிலர் இதற்கு 'ஆர்' பயன்படுத்துவார்கள்: $நிறம் ஆர் நீலம். சாஸில் ஆர் என்பது உண்மை-பொய் மட்டும் தராது. இடப்பக்கம் உண்மையானால் அந்த மதிப்பையே தரும், இல்லாவிட்டால் வலப்பக்கத்தைத் தரும். நிறத்துக்கு அது சரி. ஆனால் ஃபால்ஸும் சரியான பதிலாக இருக்கக்கூடிய ஆர்க்யூமென்ட்டில் ஆர் போட்டால், அழைப்பவர் அனுப்பிய ஃபால்ஸையும் விழுங்கிவிடும்.

உண்மை-பொய் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாஸில் பொய்யாக எண்ணப்படுபவை இரண்டே: ஃபால்ஸ், நல். பூஜ்யம் உண்மை. வெற்றுச் சரம் உண்மை. வெற்று லிஸ்ட்டும் உண்மை. ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வருகிறவர்கள் இஃப் $இடைவெளி என்று எழுதி, பூஜ்யத்துக்கு உள்ளே போகாது என்று நம்பியிருப்பார்கள், போகும். எனக்கு இது பிடித்த விதி, ஏனென்றால் ஸ்டைலில் பூஜ்யம் ஒரு முழு மதிப்பு. இன்னொன்று, நல்லும் ஃபால்ஸும் இஃப்-இல் ஒரே மாதிரி நடந்தாலும் சமம் அல்ல. இரட்டைச் சமக்குறி போட்டுப் பார்த்தால் பொய் என்று வரும். நல் எதற்கும் சமமில்லை, தனக்கு மட்டுமே சமம். மேற்கோள் குறிக்குள் 'நல்' என்று எழுதினாலோ அது நான்கு ஆங்கில எழுத்து கொண்ட சாதாரணச் சரம். இஃப்-க்கு உண்மை, சிஎஸ்எஸ்ஸில் அப்படியே அச்சாகும்.

கணக்கில் நல் கலந்தால் நிலைமை கொஞ்சம் அசிங்கம். நிறுத்தப்பட்ட பழைய ரூபி சாஸ், நல்லோடு கூட்டினால் எர்ரர் கொடுத்துவிடும். இப்போது எல்லோரும் ஓட்டும் டார்ட் சாஸில் 10 பிக்சலோடு நல்லைக் கூட்டினால் 10 பிக்சலே வரும், பார்ப்பதற்கு. உண்மையில் வந்தது எண் அல்ல. '10பிக்சல்' என்ற எழுத்துகள் கொண்ட மேற்கோளில்லாச் சரம். நேரே வரியில் எழுதினால் வித்தியாசம் தெரியாது. ஐம்பது வரி தள்ளி அதை இரண்டால் பெருக்கும்போது 'இந்தச் செயல் வரையறுக்கப்படவில்லை' என்ற பொருளில் எர்ரர் வரும். குற்றவாளி அங்கே இருக்கமாட்டார். கழித்தால் இன்னும் கண்ணுக்குத் தெரியும்: 10பிக்சல் என்பதற்குப் பின்னால் ஒரு கழித்தல் குறி தொங்கிக்கொண்டிருக்கும். பெருக்கலோ உடனே நின்று எர்ரர் தரும். நிற ஃபங்ஷன்களும் அப்படியே, நல்லை நிறமாக ஏற்காது. கூட்டலுக்கு முன் மெட்டா டைப்-ஆஃப் கொண்டு எண்தானா என்று பார்ப்பது லைப்ரரி எழுதுபவர்களுக்குத் தேவையான பழக்கம்.

இப்போதெல்லாம் அதிகம் கடிக்கும் இடம் கஸ்டம் பிராப்பர்ட்டிகள், அதாவது இரண்டு கோட்டோடு தொடங்கும் சிஎஸ்எஸ் மாறிகள். அவற்றின் மதிப்பை சாஸ் தன் மொழியாகப் படிப்பதில்லை. எழுதியதை அப்படியே கொடுக்கிறது. அங்கே நல் என்று எழுதினால் பிரவுசருக்கும் நல் என்ற சொல்லே போய்ச் சேரும். அதனால் இன்டர்பொலேஷன் போட்டாக வேண்டும். போட்டால் மேலே சொன்ன ஓட்டை விழும். வரி மறையாது.

இதற்கு ஊரறிந்த சாட்சி பூட்ஸ்டிராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பு. அதன் மாறிகள் கோப்பில் நல் !டீஃபால்ட் என்ற வரிகள் ஏராளம்: தலைப்புகளின் எழுத்துரு, பாடியின் டெக்ஸ்ட்-அலைன், பட்டனின் ஒயிட்-ஸ்பேஸ். 'நீங்கள் நிரப்பினால் எழுதுகிறேன், நிரப்பாவிட்டால் ஒரு பைட்டும் செலவழிக்கமாட்டேன்' என்ற ஏற்பாடு அது, அழகானது. ஆனால் பட்டன்கள் கஸ்டம் பிராப்பர்ட்டிக்கு மாறிய 5.2 பதிப்புக்குப் பிறகு, கம்பைல் ஆன சிஎஸ்எஸ்ஸைத் திறந்து பட்டன் செலக்டரைப் பாருங்கள். எழுத்துருவுக்கான பிராப்பர்ட்டிக்கு எதிரே முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, அரைப்புள்ளி. அவ்வளவுதான். மாறி நல்லாக இருந்ததன் சுவடு அது.

பார்ப்பதற்குத்தான் அது வெறுமை. பிரவுசருக்கு அது 'வரையறுக்கப்பட்ட, ஆனால் காலியான' மதிப்பு. அதனால் கஸ்டம் பிராப்பர்ட்டியின் மதிப்பை எடுத்துத் தரும் வார் ஃபங்ஷனில் இரண்டாவதாக ஒரு மாற்று மதிப்பு கொடுத்து வைத்திருந்தாலும் அது எடுபடாது. மாற்று வருவது பிராப்பர்ட்டி இல்லவே இல்லாதபோதுதான். காலி மதிப்பைப் பெற்ற எழுத்துரு வரி கணக்கிடும் கட்டத்தில் செல்லாததாகிவிடும், எழுத்துரு தாய் உறுப்பிலிருந்து இறங்கிவரும். பட்டனுக்கு அது பரவாயில்லை. இதையே பின்னணி நிறத்துக்குச் செய்தால், அது மரபாக இறங்கும் பண்பு அல்ல என்பதால் வெறும் ஒளிபுகு நிலைக்குப் போய்விடும். ஆகவே கஸ்டம் பிராப்பர்ட்டியில் மட்டும் பழைய முறைக்கே திரும்புங்கள்: நல் அல்ல என்றால் எழுது என்று வரியைச் சுற்றி ஓர் இஃப்.

ஒரு சின்ன வசதியையும் சொல்லிவிடுகிறேன். சாஸில் & குறி தாய்ச் செலக்டரைக் குறிக்கும் அல்லவா, எந்தச் செலக்டருக்குள்ளும் இல்லாத மேல்மட்டத்தில் அதன் மதிப்பு நல். மிக்சினுக்குள் இஃப் & என்று கேட்டால், தன்னை எங்கிருந்து அழைத்தார்கள் என்று அதுவே தெரிந்துகொள்ளும்.

அப்புறம், உங்கள் மிக்சினில் கை வைக்கும்போது சந்தேகமான மாறியை, மதிப்பைத் திரையில் காட்டும் அட்-டீபக் போட்டுப் பாருங்கள். ஆனால் பலர் செய்வதுபோல மேற்கோளுக்குள் 'மதிப்பு:' என்று எழுதி, பின்னால் இன்டர்பொலேஷனில் மாறியைச் சொருகாதீர்கள். அங்கேயும் நல் வெற்றுச் சரமாகி, 'மதிப்பு:' என்று மட்டும் திரையில் வந்து நிற்கும். மாறியை நேராகக் கொடுத்தால் நல் என்றே காட்டும். வாக்கியத்துக்குள்தான் வேண்டும் என்றால் மெட்டா இன்ஸ்பெக்ட்டுக்குள் மாறியைப் போட்டுச் சொருகுங்கள். மார்ஜின் வரியின் நான்கு மாறிகளையும் ஒரே லிஸ்ட்டாக அதற்குக் கொடுத்தால், உதிர்ந்த இரண்டு நல்களும் தங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருப்பது தெரியும்.